டீசல் தீர்ந்த இடம்... திரேஸ்புரம்!

அதிகாலை 4.40 மணி. நடுரோட்டில் வீட்டோடு நின்றுகொண்டிருந்தோம்.

‘வீட்டோடு’ என்று சொன்னது சும்மா இல்லை. இரண்டு படுக்கை, ஒற்றை பர்னர் அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், மடக்கு மேஜை, பாட்டில் வைக்க ஒரு அலமாரி... இவ்வளவும் உள்ளே இருக்கிற பழைய வேன் அது. தெரிந்தவர் ஒருவர் தன் குடும்பத்துக்காக ஆசையாக மாற்றி அமைத்தது. ‘சக்கரம் வைத்த வீட்டில் சென்னை டு மணப்பாடு’ என்று எங்கள் டிஜிட்டல் டீமுக்கு ஒரு வீடியோ தொடர். கேமராவுக்கு ஒரு தம்பி, வண்டி ஓட்ட டிரைவர் அண்ணன், பேசவும் எழுதவும் நான்.

சூரிய உதயத்துக்கு முன்னால் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் ஏலத்தைப் படம் பிடித்துவிட்டு மணப்பாடு போவதாகத் திட்டம். கடற்கரைக்குப் போகிற தெருவில் திரும்பியதும் வண்டி இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

டிரைவர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

காரணம் நான்தான். முந்தைய இரவு வேம்பார் தாண்டும் முன்பே சாலையோரம் ஒதுங்கிவிட்டோம். புழுக்கம் தாங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினோம். அதற்கு முன்பு சாயல்குடியில், “இங்கே டீசல் போட்டுரலாம்மா” என்று அவர் கேட்டபோது, “தூத்துக்குடியில பார்த்துக்கலாம்ணே” என்று சொன்னதும் நான்தான். பெரிய வண்டி சும்மா நின்றாலும், ஏசி ஓடினால் மணிக்கு ஒரு லிட்டராவது குடித்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஆறு லிட்டர். எங்கள் வண்டிக்கு அது அறுபது கிலோமீட்டர். வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வர அதைவிடக் குறைவாகத்தான் வேண்டும். ஆக, ராத்திரி தூக்கத்திலேயே ஒரு தூத்துக்குடி பயணத்தைக் குடித்துவிட்டோம்.

இதில் இன்னொரு தப்பும் இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்கள் டிரைவர் அண்ணன் தன் பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்துத்தான் தூங்கியிருக்கிறார். “கொசு வருதுண்ணே” என்று நான் அதற்கும் சண்டை போட்டேன். கேரவனில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள்.

சரி, திரேஸ்புரத்துக்கு வருவோம்.

தூத்துக்குடி நகரத்தின் வடக்கு ஓரத்தில், பக்கிள் ஓடை கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது இந்த ஊர். விசைப்படகுகளுக்குத் தனியாக மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. திரேஸ்புரம் நாட்டுப்படகுகளின் ஊர். ஓடை முகத்துவாரத்தில் வல்லங்களும் ஃபைபர் படகுகளும் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். மீன், ஈர வலை, டீசல், ஓடைத் தண்ணீர் எல்லாம் கலந்த ஒரு வாடை. முதல் பத்து நிமிடம் மூக்கைப் பொத்தத் தோன்றும். பிறகு டீக்கடை வாசனை மட்டும் தனியாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். சங்கு குளிக்கப் போகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். எதிரே கடலில்தான் மன்னார் வளைகுடாவின் தீவுக் கூட்டம் ஆரம்பிக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் விலாங்குசல்லி உட்பட இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் முக்கியமாகவே படவில்லை. பின்னால் ஐஸ் ஏற்றிய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மீன் வந்து இறங்குகிற நேரத்தில் ஐஸ் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லுங்கியை மடித்துக் கட்டியபடி நாலைந்து பேர் வந்தார்கள். “எலே, நியூட்ரல்ல போடச் சொல்லுல” என்றது ஒரு குரல். தள்ளத் தொடங்கினார்கள். பாதி தூரம் போனதும் உள்ளேயிருந்து கேமரா தம்பி, “அக்கா, வந்தாச்சா?” என்று தலையை நீட்டினான். அதுவரை அவன் தூங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் ஞாபகமில்லை. தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். “உள்ள ஆள வச்சா தள்ளுதோம்? இறங்குல!”

வலை பின்னுகிற ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை ஓரமாக வண்டியை ஒதுக்கினோம். தள்ளியவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர், டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “சுத்தமா வத்திட்டு. எப்ப எண்ணெ போட்டிய?”

இந்தக் கரையில் டீசலுக்கு எண்ணெய் என்றுதான் பெயர்.

பக்கத்தில் நின்ற வல்லத்தில் நீல நிற கேன்கள் வரிசையாக இருந்தன. என் கண் அங்கே போனதை அவர் பார்த்துவிட்டார். “அண்ணே, அதுல ஒரு அஞ்சு லிட்டர்... காசு குடுத்துர்றோம்” என்றேன்.

“அது குடுக்க முடியாதும்மா” என்றார். கோபமாக இல்லை, கறாராக. “அது கடலுக்குன்னு எழுதின எண்ணெ.”

எனக்கு முதலில் புரியவில்லை. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. ஒரு கேன் டீசலுக்கு இவ்வளவு கணக்கா என்று தோன்றியது.

கணக்குதான். மீனவர்களுக்கு விற்பனை வரி இல்லாமல் அரசு டீசல் கொடுக்கிறது. ஆனால் அளந்துதான் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அந்த அளவு கூட்டப்பட்டது. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்தது 19,000 ஆனது. எஞ்சின் வைத்த நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆனது. 4,400 லிட்டரை 365 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 12 லிட்டர். தினமும் கடலுக்குப் போக முடியாது. காற்று பலமாக இருந்தால் போக முடியாது, புயல் எச்சரிக்கை என்றால் போக முடியாது, ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. அதனால் போகிற நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நம்மைப் போல முழு விலை கொடுத்து பங்க்கில் வாங்க வேண்டியதுதான். அந்தக் கேனிலிருந்து ஒரு வேனுக்கு ஊற்றினால் அது தப்பு. அதுவும் ஏசி போட்டுத் தூங்கித் தீர்த்தவர்களுக்கு!

“பங்க் தொறந்திருப்பான். நான் போய் வாங்கிட்டு வாரேன்” என்று காலி கேன் ஒன்றை எடுத்துத் தன் எக்ஸ்எல் வண்டியில் மாட்டினார். ஐந்து லிட்டர் போதும் என்றேன். “அஞ்சு லிட்டர் ஒங்க டேங்க்ல அடியில போய்க் கெடக்கும். வண்டி சரிவா நிக்கி. குழாய்க்கு எட்டாது. பத்து போடணும்.”

அவர் போனதும் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய மனைவிதான். வாங்கிய மீனை டவுனுக்குள் கொண்டுபோய் விற்பவர். அன்றைக்குக் கூடை காலியாக இருந்தது. பையன் போன வல்லம் இன்னும் வரவில்லை.

“நாலு மணிக்குள்ள வந்துருவாவ. இன்னைக்குக் காணல” என்றார். கையில் செல்போன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்கிற குரல் எனக்கே கேட்டது. நான் மணி பார்த்தேன். ஐந்தரை.

“பயமா இருக்காக்கா?”

“பயம்னு இல்ல. கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

எத்தனை லிட்டர் கொண்டு போனான், எத்தனை மணிக்குப் போனான், எந்தப் பக்கம் வலை விடுவதாகச் சொன்னான், இப்போது காற்று எங்கேயிருந்து வீசுகிறது. கரையில் உட்கார்ந்துகொண்டு அவர் மனசுக்குள் ஒரு வல்லத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவராகவே பழைய கதை ஒன்றைச் சொன்னார். கல்யாணமாகிச் சில வருஷங்களுக்குள் நடந்தது. அப்போது கையில் போன் கிடையாது. கடலுக்குப் போன வல்லத்தில் டீசல் குழாய் எங்கோ விட்டுப்போய், எண்ணெய் முழுக்கப் படகின் அடித்தட்டில் ஒழுகிவிட்டது. எஞ்சின் நின்றபோதுதான் தெரிந்திருக்கிறது. சோழக்காற்று வீசுகிற மாதம். அது தென்மேற்கிலிருந்து தள்ளும். கரை இருக்கிற பக்கம் போக விடாது. மழைக்கு வைத்திருந்த தார்ப்பாயைத் தண்டில் கட்டி, பாய் மாதிரி பிடித்துக்கொண்டு, காற்று போகிற போக்கிலேயே போய், கீழக்கரைப் பக்கம் கரை ஏறியிருக்கிறார்கள்.

“அவரு இந்தக் கதைய சொன்னா சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு. தார்ப்பாயி கிழிஞ்சுது, கருவாட்டைப் பச்சையாத் தின்னோம்னு. எனக்கு வேற கதை. எண்ணெ தீந்தது அவருக்கு அன்னைக்கே தெரியும். எனக்கு மூணு நாளு கழிச்சு எஸ்டிடி பூத்துல இருந்து ஆள் ஓடி வந்த பெறவுதான தெரியும்? அந்த மூணு நாளு இங்க எல்லாரும் என்னையப் பாத்த பார்வை இருக்கே...”

அவர் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது, இப்படிக் கரையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊர் ஊராக இருந்தார்கள். எஞ்சின் நின்றும், டீசல் தீர்ந்தும் திசை தெரியாமல் அலைந்த படகுகள் லட்சத்தீவிலும் குஜராத், மகாராஷ்டிரக் கரைகளிலும் போய் ஒதுங்கின. திரும்பி வராதவர்களும் ஏராளம்.

எக்ஸ்எல் சத்தம் கேட்டது. கேனோடு வந்து இறங்கியவர், முதலில் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். அந்த அக்கா தலையை ஆட்டினார், இன்னும் இல்லை என்று. அவரும் கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு எங்கள் வண்டிக்கு வந்தார்.

டீசலை ஊற்றியதும் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும் என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் ஸ்கூட்டி ஓட்டுகிறவளின் புத்தி அது. டீசல் வண்டியில் டேங்க் ஒரு முறை வற்றிவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். ‘ஏர் லாக்’ என்பார்கள். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. அதனால் உள்ளே ஒரு குமிழ் இருந்தாலும் பம்ப்பால் சரியான அழுத்தத்தில் டீசலைத் தள்ள முடியாது. தெரியாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போய்விடும். டிரைவர் அண்ணன் இதைச் செய்யக் கிளம்புவதற்குள் அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார். ஃபில்டர் மேல் இருந்த சின்ன போல்ட்டை ஸ்பேனரால் லேசாகத் தளர்த்தினார். பக்கத்தில் இருக்கிற கைப் பம்ப்பை விரலால் அழுத்தி அழுத்தி விட்டார். முதலில் வெறும் நுரை. பிறகு நுரையும் டீசலும். குமிழ் இல்லாமல் எண்ணெய் மட்டும் வழிந்ததும் போல்ட்டை இறுக்கினார். “இப்ப அடிங்க.”

இரண்டாவது செல்ஃபில் வீடு உயிர் பெற்றது. உள்ளே ஃப்ரிட்ஜ் விளக்கும் எரிந்தது.

“எல்லாம் ஒரே எஞ்சின்தான் தம்பி. இது ரோட்டுல ஓடுது, அது தண்ணியில ஓடுது” என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார். புது வண்டிகளில் இந்தக் கைவேலை எல்லாவற்றிலும் நடக்காது, மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும் என்று டிரைவர் அண்ணன் பிறகு சொன்னார்.

கடலில் வேறு படகுக்காரர் கேட்டால் அந்த நீலக் கேனைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். “கேக்கவே வேண்டாம். துணிய ஆட்டினாலே போவோம். எந்த ஊருன்னுகூட கேக்க மாட்டோம். எண்ணெ இருந்தா எண்ணெ, இல்லன்னா கயிறு. கட்டி இழுத்துட்டு வந்துருவோம். கடல்ல நின்னா உயிரு. ரோட்டுல நின்னா நேரம்தான போகும்?”

அப்படியென்றால் எவ்வளவு டீசல் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று கேட்டேன். இதற்குத்தான் அவர் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொன்னார். போவதற்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கவே கூடாதாம். போகும்போது வல்லம் காலி. காற்றும் பின்னால் இருந்து தள்ளலாம். வரும்போது மீன் இருக்கும், நனைந்த வலை இருக்கும், காற்றும் நீரோட்டமும் எதிரே நிற்கலாம். அதனால் வரவுக்கு என்று முதலில் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதில்தான் எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும். நல்ல மீன் பாடு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று மனசு சொல்லும். கேனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

சாயல்குடியில் நான் பார்த்தது போகிற கணக்கு மட்டும்தான்.

யோசித்தால், இந்தக் கரைக்கு எரிபொருள் கவலையே ரொம்பப் புதியது. தாமிரபரணி மண் மூடி இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளிப்போய்விட்ட கொற்கை, பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த காலத்திலிருந்து, இங்கே எல்லாவற்றையும் ஓட்டியது காற்று. முத்துக்குளிப்புக்குப் போன படகுகள் நடுராத்திரியில் கிளம்பும். நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று அப்போதுதான் கிடைக்கும். விடிவதற்குள் முத்துச்சிப்பி கிடக்கும் பாருக்குப் போய்ச் சேர்ந்து, வெளிச்சம் வந்ததும் காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். மதியத்துக்குமேல் கடற்காற்று கரையைப் பார்த்து வீசத் தொடங்கும்போது பாயை விரித்துத் திரும்பிவிடுவார்கள். போகவும் வரவும் ஆன எரிபொருள் இரண்டையும் வானமே கொடுத்தது. காற்று நின்றுபோனால் தண்டு வலிக்க வேண்டும், அவ்வளவுதான். தூத்துக்குடியில் அப்படிக் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல்.

தோணிகளும் அப்படித்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே சரக்கோடு போய்வந்த பெரிய மரத் தோணிகள் பாயை நம்பித்தான் ஓடின. ஜோ டி குரூஸ் எழுதி, 2013-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற ‘கொற்கை’ நாவல் அந்தத் தோணிக்காரர்களின் உலகம்தான். தண்டல் என்று அழைக்கப்படும் தோணித் தலைவர், வாடை எப்போது, சோழம் எப்போது, கொண்டல் எப்போது என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள். இப்போது தோணிக்கும் எஞ்சின் வந்துவிட்டது. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகிற தோணிகளை இன்றைக்கும் பார்க்கலாம். எஞ்சின் வந்ததால் காற்றுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் காற்றுக்கு யாரும் வருஷத்துக்கு இவ்வளவு என்று அளவு போட்டதில்லை, லிட்டருக்குத் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் கேட்டதும் இல்லை.

மணி 6.40 இருக்கும். சூரியன் நன்றாகவே மேலே வந்துவிட்டது. நான் படம்பிடிக்க நினைத்த உதயம் எப்போது நடந்தது என்றே கவனிக்கவில்லை. அந்த அக்கா எழுந்து நின்றார். எனக்குக் கடலில் ஒரே மாதிரி ஏழெட்டுப் படகுகள்தான் தெரிந்தன. அவர் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். போனை இடுப்பில் சொருகினார். அவ்வளவுதான்.

வல்லம் கரைக்கு வந்ததும் திட்டு ஆரம்பமானது. “எங்கல போய்த் தொலைஞ்ச?” பையனுக்கு என் வயதுதான் இருக்கும். “வலை பார்ல சிக்கிட்டும்மா. அறுத்து எடுத்துட்டு வரணும்லா?” என்றான். சாதாரணமாக, பஸ் லேட் என்று நாம் சொல்வது போல. மீன் கூடையை இறக்குவதற்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்தான். கேன் ஒவ்வொன்றையும் தூக்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். ஒன்றைத் தனியே எடுத்து வைத்தான். அவன் அப்பா அதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏலம் தொடங்கியது. கேமரா தம்பி ஓடினான். அந்த வீடியோ நன்றாகவே வந்திருக்கிறது, ஆனால் அதில் இது எதுவும் இல்லை.

பங்க்கில் கொடுத்த டீசல் காசை மட்டும் சில்லறை சுத்தமாக வாங்கிக்கொண்டார் அந்த அண்ணன். மேலே கொடுத்ததை வாங்கவில்லை. “கேன மட்டும் கொண்டாந்து குடுத்துருங்க. அது இல்லன்னா ஒரு நாளு பொழப்பு இடிக்கும்” என்றார். கேனில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. வழியில் மறுபடி நின்றுவிட்டால் என்ற பயத்தில் அதோடுதான் பங்க்குக்குப் போனோம்.

டேங்க்கை நிரப்பினோம். நெடுஞ்சாலையில் இப்படி நின்றால் கூப்பிட 1033, கடலில் என்றால் கடலோரக் காவல் படையின் 1554 என்று இரண்டு எண்களையும் அங்கேயே நின்று போனில் சேமித்தேன். இரண்டாவது எனக்கு எதற்கு என்று டிரைவர் அண்ணன் கேட்கவில்லை.

திரும்பவும் திரேஸ்புரம் வந்தபோது ஏழே முக்கால். அண்ணன் இல்லை, ஐஸ் வாங்கப் போயிருந்தார். அக்கா கூடை நிறைய மீனோடு டவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேனை நீட்டினேன். வாங்கியதும் பையனைப் போலவே காதருகே கொண்டுபோய் ஆட்டினார்.

“ஒரு லிட்டர் கெடக்கும் போலிருக்கே? இது ஒங்க காசுல்லா?”

இருக்கட்டும்க்கா என்றேன். அவர் கேட்கவில்லை. கூடையிலிருந்து நடுத்தர அளவில் இரண்டு விளமீனை எடுத்து, ஒரு பையில் போட்டுக் கையில் திணித்தார்.

“வண்டிக்குள்ள ஃப்ரிட்ஜ் இருக்குன்னியே, அதுல வையி. மதியம் வரைக்கும் தாங்கும்.”